விருந்தாளி கேசட்

அன்று எங்கள் கராஜில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இல்லாதவர்கள்தான் இந்தக் கதையை அதிகம் சொல்லித் திரிகிறார்கள். குடும்பத்தின் மூத்தவனான நான், சவேரியோ பெல்காஸ்ட்ரோ. என் மனைவி அசுந்தா. என் தம்பி கோசிமோ. அவன் மகள் நுன்ஸியா, மகன் நத்தாலே. விருந்தாளியாக வந்த வாரிக் டன்ஸ்டன். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் திருமதி ஹாக்கடே வேலிக்கு அந்தப் பக்கம், தலைமுடியில் சுருளைகளைச் சுற்றிக்கொண்டு நின்றார். அவரை இருந்தவராக நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

1986, பிப்ரவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை. மெல்பர்னின் ரெசர்வார் பகுதியில் எங்கள் தெரு முழுவதும் தக்காளி வாசனை. வருடத்துக்கு வேண்டிய சாஸை எல்லா வீடுகளும் போட்டுப் புட்டியில் அடைக்கிற நாட்கள் அவை. கராஜின் ஒரு பாதியில் தக்காளிக் கூடைகளும் அரைக்கும் எந்திரமும் கொதிக்கும் பீப்பாயும். மறு பாதியில் எங்கள் நிறுவனம்.

நிறுவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் கோசிமோவும் அச்சகக்காரர்கள். இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து கப்பலில் மெல்பர்ன் வந்து இறங்கிய குடும்பங்களில் பாதிக்கு மேல் கல்யாணப் பத்திரிகையும் ஞானஸ்நானப் பத்திரிகையும் எங்களிடம்தான் அடித்திருக்கின்றன. நுன்ஸியா கணினி படித்துவிட்டு வந்து, டிவியில் விளையாடும் ஆட்டங்களை எழுத ஆரம்பித்தபோது, அவற்றை வெளியிடுகிறவர்களாகவும் நாங்கள் ஆனோம். அட்டைப்பெட்டி அச்சடிக்க எந்திரம் இருந்தது. ஆட்டம் பதிந்த கேசட்டைப் படியெடுக்கக் கராஜ் இருந்தது. பெட்டியின் மேல் போடுவதற்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குக் கடல் கடந்தும் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

மூன்று ஆட்டங்கள் வெளியிட்டிருந்தோம். ‘கடைசி டிராம்’, ‘பாதாள பேக்கரி’, ‘முயல் வேலி’. பெட்டிப் படங்களை, எங்களுக்குப் புனிதர் படங்கள் வரைந்து கொடுக்கும் பெரியவரே வரைந்தார். அதனால் டிராம் ஓட்டுநர் ஒரு கையை மார்பில் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரகத்தில் ரொட்டி சுடுகிறவரும் அப்படியே. முயல்கூட அப்படியேதான். எனக்கு அதில் குறையேதும் தெரியவில்லை.

குறை கண்டவர் டன்ஸ்டன். ஆட்டங்களுக்கு மதிப்பெண் போடும் மாத இதழ் ஒன்று இருந்தது. அதன் பெயரை எழுதி நான் அதைப் பெருமைப்படுத்தப் போவதில்லை. ‘கடைசி டிராம்’ பற்றி அவர் எழுதியது: “இந்த டிராமை எதன் மேலாவது மோதவைக்க ஒரு மாலை முழுவதும் முயன்றேன். பால் வண்டி, குதிரை, ஒரு பாதிரியார், எதன் மேல் ஏற்றினாலும் ஒன்றும் ஆவதில்லை. நூற்றுக்கு 31.” பேக்கரிக்கு வந்தது: “பேய்கள் நம்மைத் தொட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒதுங்கிப் போகின்றன. 27.” முயலுக்கு வந்தது: “விளையாடும்போதே தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் ஜெயித்திருந்தேன். 19.” அதோடு நிற்கவில்லை. “பெல்காஸ்ட்ரோ நிறுவனம் ஆட்டங்களை வெளியிடவில்லை, தாலாட்டுகளை வெளியிடுகிறது” என்று முடித்திருந்தார்.

விந்தை என்னவென்றால், கடையில் காசு கொடுத்து வாங்கிய பையன்கள் வேறு மாதிரி எழுதினார்கள். பேக்கரிப் பேய்கள் தன்னை ஒரு வாரமாகக் கொன்றுகொண்டிருப்பதாக ஜீலாங்கிலிருந்து ஒருவன் எழுதினான். அந்தக் கடிதங்களை நாங்களே எழுதிக்கொண்டோம் என்று டன்ஸ்டன் அச்சில் சந்தேகப்பட்டார்.

இதற்குக் காரணம் எனக்கும் நத்தாலேவுக்கும் மட்டும் தெரியும். விந்தையாக அது எங்களுக்குத் தோன்றவுமில்லை. எங்கள் தந்தை காலத்திலிருந்து வீட்டில் ஒரு முறை உண்டு. விருந்தாளி எங்கள் மேசையில் தோற்று எழுந்து போகக் கூடாது. சீட்டாட்டமானாலும் சரி, பந்து உருட்டுவதானாலும் சரி. கையில் நாலு ராஜா இருந்தாலும் அப்பா கீழே மூடி வைத்துவிடுவார். எங்கள் ஊர்த் தபால் அதிகாரி எங்கள் வீட்டில் மட்டுமே சீட்டாடி, தன்னை மகா ஆட்டக்காரர் என்று நம்பி, பக்கத்து ஊருக்குப் போய்க் கோவேறு கழுதையைத் தோற்றுவிட்டு வந்தார். அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

விமர்சகருக்கு இலவசமாக அனுப்பும் கேசட் விற்பனை அல்ல, உபசாரம். அதைப் பெற்றுக்கொள்கிறவர் விருந்தாளி. ஆகவே, டிவி பழுது பார்ப்பவனும் எங்கள் கேசட்டுகளைப் படியெடுப்பவனுமான நத்தாலேவிடம் சொல்லி, விமர்சகருக்குப் போகும் கேசட்டில் மட்டும் ஆடுகிறவருக்கு உயிர் போகாதபடி செய்திருந்தேன். அடையாளத்துக்கு அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான். நுன்ஸியாவிடம் சொல்லவில்லை. மரியாதை செய்வதை யாரும் அறிவித்துவிட்டுச் செய்வதில்லை.

அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் விருந்தில் நுன்ஸியா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பெரியப்பா, சிட்னிலேருந்து ஒரு கம்பெனி கூப்பிடுது. புதுசா ஒண்ணு எழுதியிருக்கேன். ‘எரிமலைத் தபால்காரன்’. இதுக்கும் அந்த ஆள் இப்படியே எழுதினா நான் கிளம்பறேன்.”

“எவனோ ஒருத்தன் எழுதறதுக்கா வீட்டை விட்டுப் போவே?”

“அவன் எழுதறதைப் பாத்துதான் பெரிய கடைங்க வாங்குது. போன தடவை வாங்க வந்தவர் ‘முயல் வேலி’ பெட்டியைத் தொடக்கூட இல்ல. நான் எழுதற ஆட்டத்துல செத்துச் செத்து விழணும். இந்த ஆளுக்கு மட்டும் எப்படித் தூக்கம் வருதுன்னு எனக்குப் புரியவே இல்ல.”

கோசிமோ ரொட்டியைப் பிய்த்தான். அவள் போனால் ஆட்டம் எழுத ஆளில்லை, நிறுவனமும் இல்லை. தம்பிக்கு இருப்பது ஒரே மகள். நத்தாலே என்னைப் பார்த்தான். நான் மீனைப் பார்த்தேன்.

எங்களை அவமதித்தவர் எங்கள் வீட்டுச் சோறு தின்றதில்லை என்பதுதான் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இதழ் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, புது ஆட்டத்தை எங்கள் வீட்டில் வந்து விளையாடும்படி டன்ஸ்டனை அழைத்தேன். அவருக்கு ஒழிந்த சனிக்கிழமை தக்காளி நாளாக அமைந்தது. ஒரு விமர்சகருக்காகத் தக்காளி காத்திருக்காது. அவரும் வரட்டும், தக்காளியும் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வந்தவர் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்டிருந்தார். கக்கத்தில், ஆட்டம் ஆடுவதற்கான சொந்த ஜாய்ஸ்டிக்.

“மிஸ்டர் பெல்காஸ்ட்ரோவா? நான்தான் வாரிக். திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க. சாப்ட்டப்புறம் திட்டினா எனக்குச் செரிக்காது.”

“எங்க வீட்டுல சாப்பாட்டுக்கு முன்னாடி யாரையும் திட்டறதில்ல” என்றேன்.

அசுந்தா தக்காளிக் கைகளோடு எட்டிப் பார்த்தாள். “யாரு இது? குழாய் ரிப்பேர் பண்ண வந்தவரா?”

“விமர்சகர்.”

“ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு?” என்று சொல்லி அவருக்கு ஏப்ரனைக் கட்டிவிட்டாள். தக்காளி நாளில் கராஜுக்குள் வந்த எவரும் வேலை செய்யாமல் நின்றதில்லை. ஒரு முறை கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர் சாயங்காலம்தான் வீட்டுக்குப் போனார்.

டன்ஸ்டன் எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினார். ஒரு பக்கம் தோலும் விதையும், மறு பக்கம் சாறு. கோசிமோ பியர் புட்டிகளில் துளசி மாதிரி வாசனையுள்ள இலை ஒவ்வொன்று போட்டு, சாறு ஊற்றி, மூடி அடித்து, கொதிக்கும் பீப்பாய்த் தண்ணீரில் இறக்கினான்.

“இன்னும் கொஞ்சம் வேகமா, தம்பி. எங்க ஆட்டத்துலதான் தூங்கிட்டீங்களாம். தக்காளிலயுமா?” என்றாள் அசுந்தா.

“மேடம், உங்க முயலைவிட இந்தத் தக்காளி பரவால்ல. இது கண்ணுல தெறிக்குது.”

நுன்ஸியா சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவள் டிவிக்குப் பக்கத்தில், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் போல ஒரு கூடைமேல் உட்கார்ந்திருந்தாள்.

மதிய உணவு நீண்டது. புதுச் சாஸில் பாஸ்டா, பன்றித் தொத்திறைச்சி, எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய், கோசிமோ கராஜிலேயே போட்ட ஒயின். டன்ஸ்டன் இரண்டு முறை போதும் என்றார். அசுந்தாவுக்கு அந்தச் சொல் எந்த மொழியிலும் புரியாது.

அதன் பிறகு நான் நத்தாலேவுக்குக் கண்ணைக் காட்டினேன். சிவப்புப் புள்ளி கேசட் அவன் ஏப்ரன் பையில் இருந்தது. அவன் பீப்பாயைத் தாண்டி வருவதற்குப் பதிலாக அதன் மேல் குனிந்து, உள்ளே ஏதாவது புட்டி உடைந்திருக்கிறதா என்று பார்த்தான். தொழில் பழக்கம், எதையும் திறந்து பார்க்காமல் அவனால் கடக்க முடியாது. கேசட் பையிலிருந்து நழுவிக் கொதிக்கிற தண்ணீரில் விழுந்தது. கரண்டியால் எடுத்தான். அது கேசட்டாக இல்லை.

“அதுக்கென்ன நண்பா, இங்கதான் இத்தனை கிடக்கே” என்று டன்ஸ்டன், கடைகளுக்கு அனுப்ப அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை உருவினார்.

“அது வேண்டாம்!” என்றேன். நானும் நத்தாலேவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

“ஏன்?”

“அது… கடைக்குப் போறது. விருந்தாளிக்குக் குடுக்கறதில்ல.”

“பெரியப்பா, எல்லாம் ஒண்ணுதானே!” என்று நுன்ஸியா கேசட்டை வாங்கிக் கணினியில் போட்டுவிட்டாள்.

கேசட் ஏறும்போது அது கீச்சிடும்; டிவியின் ஓரங்களில் வண்ணக் கோடுகள் ஓடும். ஐந்தாறு நிமிடம் ஆகும். அதற்குள் நான் விருந்தாளிக்கு இன்னொரு குவளை ஒயின் கொடுத்தேன், எங்கள் ஊர் தேவாலயத்தைப் பற்றிச் சொன்னேன், மின்சாரம் போகலாம் என்றேன். மின்சாரம் போகவில்லை.

திரையில் சிவந்த மலை. அடியில் பையோடு ஒரு தபால்காரன். உச்சியில் ஒரு வீடு. டன்ஸ்டன் ஜாய்ஸ்டிக்கை அலட்சியமாகத் தள்ளினார். தபால்காரன் இரண்டடி நடந்து எரிகுழம்பில் விழுந்து கரைந்தான்.

அசுந்தா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பெல்காஸ்ட்ரோ வீட்டில், எங்கள் கண்ணெதிரே, வயிறாரச் சாப்பிட்ட விருந்தாளி ஒருவர் தோற்றுவிட்டார். கோசிமோ தொப்பியைக் கழற்றி, “மன்னிச்சுக்குங்க” என்றான்.

“எதுக்கு?” என்ற டன்ஸ்டன் மறுபடியும் ஆரம்பித்தார். இந்த முறை மலை ஒரு கல்லை உருட்டிவிட்டது. அதற்கு அடுத்த முறை தபால்காரனை ஓர் ஆடு முட்டித் தள்ளியது.

“ஆடா? ஆடா முட்டுது? யாரு அந்த ஆட்டை அங்க வச்சது?”

“நான்தான்” என்றாள் நுன்ஸியா.

“நீ மனுஷியே இல்ல!” என்று கத்தினார் டன்ஸ்டன். அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத மகிழ்ச்சி.

ஒவ்வொரு முறை அவர் விழும்போதும் அசுந்தா ஒரு தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அத்திப்பழம், பாலாடைக்கட்டி, பொரித்த மாவுருண்டை. தட்டுகள் வைக்க இடமில்லாமல் போய்க் கேசட் பெட்டிகளின் மேல் வைத்தாள்.

டன்ஸ்டன் வாயில் மாவுருண்டையோடு திரும்பினார். “இதை எழுதினது நீதானா? அந்தத் தூங்குமூஞ்சி டிராமை எழுதின அதே ஆளா?”

நுன்ஸியா எழுந்துவிட்டாள். “தூங்குமூஞ்சியா? அந்த டிராமை ரெண்டாவது ஸ்டாப் வரைக்கும் மோதாம ஓட்டினவங்களே கிடையாது. முதல் வளைவுலயே அந்தப் பாதிரியார் மேல மோதி எல்லாரும் சாவாங்க.”

“நான் பாதிரியார் மேல ஒரு மணி நேரம் ஏத்தினேன். அவரு எழுந்து நடந்து போனாரு!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவள் மெதுவாக நத்தாலேவைப் பார்த்தாள். நத்தாலே என்னைக் காட்டினான்.

“பெரியப்பாதான் சொன்னாரு. விருந்தாளி தோக்கக் கூடாதாம். அவருக்குப் போற கேசட்டுல உயிரே குறையாது.”

“மூணு ஆட்டமும்?”

“மூணும். இதுவும்தான், கொதிக்கிற தண்ணிக்குள்ள போகலன்னா.”

நுன்ஸியா என் பக்கம் திரும்பினாள். “ரெண்டு வருஷமா இந்த ஆளைத் திட்டிட்டு இருந்தேன். என் பேரைக் கெடுத்தது நம்ம வீட்டு மரியாதையா, பெரியப்பா?”

“வீட்டுக்கு வந்தவனைத் தோக்கடிக்கறது நம்ம வம்சத்துல இல்ல” என்றேன். இன்றும் அதையே சொல்வேன்.

டன்ஸ்டன் ஏப்ரனை அவிழ்த்தார். “விளையாட்டா இருக்கா? விமர்சனத்துக்குப் போலிக் கேசட் குடுத்திருக்கீங்க! நான் எழுதினதெல்லாம் பொய்னு ஆயிடுச்சு. வர்ற இதழ்ல இதைத்தான் எழுதப் போறேன். அப்புறம் எந்தக் கடைக்காரன் உங்க பெட்டியை வாங்கறான்னு பாக்கலாம்.” ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவுக்கு நடந்தார்.

அச்சில் போலி என்ற சொல், அதற்குப் பக்கத்தில் எங்கள் பெயர். நுன்ஸியா சிட்னிக்கு ரயில் ஏறுவது எனக்கு அப்போதே தெரிந்தது.

எங்கள் கராஜ் கதவு மரக்கதவு. தக்காளி நாளில் பீப்பாய் ஆவி பட்டு உப்பிக்கொள்ளும். டன்ஸ்டன் தள்ளினார். அசையவில்லை. உதைத்தார். ரப்பர் செருப்பு கழன்றது. கோசிமோவும் நத்தாலேவும் தோள் கொடுத்தார்கள். சத்தம் கேட்டுத் திருமதி ஹாக்கடே வேலிக்கு மேலிருந்து குரல் கொடுத்தார்.

“யாரது உள்ள? உயிரோட இருக்கீங்களா?”

“இல்ல மேடம், மத்தியானத்துலேருந்து எத்தனையோ தடவ செத்துட்டேன்!” என்றார் டன்ஸ்டன்.

“கடவுளே! இருங்க, எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரேன். அவரு கிளப்புல பந்து உருட்டிட்டு இருக்காரு.”

அந்தக் கிளப் எங்கே என்பது எங்களுக்குத் தெரியும். நேரமாகும். டன்ஸ்டன் சிறிது நேரம் கதவைப் பார்த்து நின்றார். பிறகு டிவியைப் பார்த்தார். மலையடியில் தபால்காரன் கால் மாற்றிக் கால் வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். டன்ஸ்டன் திரும்பி வந்து ஜாய்ஸ்டிக்கை மாட்டி, என் கையில் கொடுத்தார்.

“நீங்க ஆடுங்க.”

“நானா?”

“உங்க பேர்தானே பெட்டில இருக்கு. ஒரு தடவையாவது ஆடிப் பாத்திருக்கீங்களா?”

ஆடியதில்லை. வெளியிடுகிறவன் ஆட வேண்டும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்ததற்காக நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லையே. ஆனால் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். உட்கார்ந்தேன். தபால்காரன் மலைக்கு முதுகைக் காட்டி நடந்து, மறுபக்கப் பள்ளத்தில் விழுந்தான்.

“அந்தப் பக்கம் ஒரு பள்ளம் இருக்கறதே எனக்குத் தெரியாது” என்றாள் அதை எழுதியவள்.

டன்ஸ்டன் வாய்விட்டுச் சிரித்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடி ஆடினேன். கோட்டைக் கழற்றிவிட்டு ஆடினேன். என் எழுபது வயதில் ஒருவரைத் தோற்கடிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டது அன்றுதான், அவர் என் விருந்தாளி என்பதும் மறந்துபோயிற்று. அவர் ஒரு முறை, நான் ஒரு முறை என்று மாறி மாறி. ஆடு என்னைத்தான் விரும்பி முட்டியது. அசுந்தா இப்போது தட்டுகளை என் பக்கம் வைத்தாள்.

கடைசியில் டன்ஸ்டனின் தபால்காரன் கல்லைத் தாண்டி, ஆட்டைத் தாண்டி, உச்சி வீட்டுக் கதவைத் தட்டினான். ஒரு கிழவி கதவைத் திறந்து கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, பதில் கடிதத்தைக் கையில் கொடுத்துக் கீழே போகச் சொன்னாள்.

“திரும்ப இறங்கணுமா!” என்று டன்ஸ்டன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கோசிமோதான் முதலில் சொன்னான். “அண்ணே, விருந்தாளி ஜெயிச்சுட்டாரு.”

உண்மைதான். பெல்காஸ்ட்ரோ வீட்டு மேசையில் விருந்தாளி ஜெயித்துவிட்டார். நாங்கள் ஒரு ராஜாவையும் மூடி வைக்கவில்லை. நான் என்னால் முடிந்ததெல்லாம் செய்தும் ஜெயித்தார். நுன்ஸியா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள்.

“அந்தப் பழைய மூணு ஆட்டத்தையும் குடுங்க. கடைக்குப் போனது. புள்ளி இல்லாதது” என்றார் டன்ஸ்டன்.

திரு ஹாக்கடே வெளியிலிருந்து கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தபோது டன்ஸ்டன் இறங்கும் வழியில் பாதி தூரத்தில் இருந்தார். “கொஞ்சம் கதவைச் சாத்துங்க நண்பா, வெளிச்சம் திரையில விழுது” என்றார்.

அடுத்த இதழில் எல்லாவற்றையும் எழுதினார், சிவப்புப் புள்ளி உட்பட. “மூன்று முறை இந்த நிறுவனத்தின் ஆட்டங்களை விமர்சித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் அவற்றை விளையாடவே இல்லை. என்னை உபசரித்திருக்கிறார்கள்” என்று தொடங்கியிருந்தார். டிராமுக்கும் பேக்கரிக்கும் முயலுக்கும் புதிதாக மதிப்பெண் போட்டார். ‘எரிமலைத் தபால்காரன்’ 84 வாங்கியது. பெட்டிப் படத்தில் ஆடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சில மதிப்பெண்களைக் குறைத்திருந்தார். பெரிய கடைக்காரர் வந்தார், பெட்டியைத் தொட்டார், வாங்கினார்.

நுன்ஸியா சிட்னிக்குப் போகவில்லை. அவள் இரண்டு நிபந்தனைகள் போட்டாள். ஆட்டம் எழுதியவள் பெயரும் பெட்டியில் வர வேண்டும். அது பெல்காஸ்ட்ரோ என்றே முடிவதால் உடனே ஒப்புக்கொண்டேன். இனி விருந்தாளி கேசட் கிடையாது, அதற்கும் ஒப்புக்கொண்டேன். சீட்டாட்டத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. டன்ஸ்டன் இப்போது ஒவ்வொரு பிப்ரவரியும் வந்து கைப்பிடி சுற்றுகிறார், பிறகு என்னோடு சீட்டாடுகிறார். அவர் நன்றாக ஆடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நல்ல மதிப்பெண் போடும்வரை அந்த விமர்சகரை நாங்கள் கராஜுக்குள் பூட்டி வைத்திருந்ததாகத் திருமதி ஹாக்கடே தேவாலயத்திலும் கறிக்கடையிலும் சொல்லிவருகிறார். அது தவறு. எங்கள் கராஜ் கதவுக்குப் பூட்டே கிடையாது.